தொண்ணூறு குரல் பெட்டி

சாயங்காலம் கல்யாண வீட்டுக் கச்சேரி. அன்று காலையில்தான் பேஸ் கிட்டாருக்குத் துணையாக ஒத்திகை அறைக்கு எஃபெக்ட்ஸ் பெடல் வந்து இறங்கியது. காலால் அமுக்கினால் கிட்டாரின் குரலை விதவிதமாக மாற்றித் தரும் பெட்டி அது.

"அண்ணே, எனக்குள்ள தொண்ணூறு குரல் இருக்கு. எல்லாத்தையும் ஒரு கை பாருங்க," என்றது பெடல்.

பேஸுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமும் பின்வரிசையில் நின்று "தும் தும்" என்றே காலம் தள்ளிய கிட்டார் அது. உறுமல், எதிரொலி, அதிர்வு என்று கிடைத்ததையெல்லாம் ஒன்றாகப் போட்டுக்கொண்டு முழங்கியது.

கூடவே வாசித்துக்கொண்டிருந்த டிரம்ஸ் பாதியில் நிறுத்திவிட்டது. "ஏம்ப்பா, உன்னைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் தாளம் போடுறேன். நீ எங்க இருக்கேன்னே தெரியலையே! இப்படித்தான்னா சாயங்காலம் நீ வரவே வேண்டாம்."

பேஸுக்குச் சுருக்கென்றது. "எல்லாத்தையும் அணைச்சிடு தம்பி," என்றது.

"அணைச்சிட்டா அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டது பெடல். ஆனாலும் ஒவ்வொன்றாக அணைத்தது.

பேஸ் வெறுங்குரலில் ஒரே ஒரு தடவை "தும்" என்றது. பெடலின் மூலையில் குட்டிச் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது.

"அண்ணே, உங்க மூணாவது கம்பியில சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கு."

"அடப்பாவி! இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"உங்க குரலை இப்பத்தானே கேக்குறேன்."

பேஸ் கம்பியை முறுக்கி ஏற்றியது. விளக்கு பச்சையானது.

"சரி, அந்தத் தொண்ணூறுல ஒண்ணே ஒண்ணைக் கொடு. மெதுவா."

"தும்."

"ஆங், இதோ இருக்கான்!" என்று டிரம்ஸ் தாளத்தை எடுத்தது.