மூன்றாவது வரிசைக் குரல்

ஒரு தொடக்கப் பள்ளியில் ஆர்மோனியம் ஒன்று இருந்தது. யாராவது சுருதி விலகினால் அதற்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"டீச்சர், மூணாவது வரிசைப் பூங்கோதை என் மானத்தை வாங்குறா. ஆண்டு விழாவுல அவளை வாயை மட்டும் அசைக்கச் சொல்லுங்க" என்றது.

"சின்னப் பிள்ளைதானே அண்ணே, பாடப் பாடச் சேர்ந்துடும்" என்றது தபேலா. ஆர்மோனியம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீச்சரும் பூங்கோதையிடம் வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டார்.

விழாவில் ஒரே கைதட்டல். பூங்கோதையின் அப்பா மட்டும் மகளின் குரலைத் தேடி, கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் ஆர்மோனியத்துக்கு என்னவோ போலாகிவிட்டது.

மறுநாள் வகுப்பில், "நீயும் பாடு தாயி" என்றது.

அவள் வாயை அசைத்தாள்.

"சத்தமா, கண்ணு" என்று கெஞ்சியது.

பூங்கோதை தலையாட்டிவிட்டு, இன்னும் பெரிதாக வாயை அசைத்தாள்.