தெரிவதும் தெரிந்ததும்

"படத்துல என்ன தெரியுது?"

"லீடர் பேசறேன் சார். ஒரு ஏழைப் பொண்ணு தெரியறா."

"ஏழைன்னு தெரியுதா, இல்ல, ஏழைன்னு உனக்குத் தெரியுமா?"

வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்வி அதிகாரி சிரிக்கவில்லை. இந்தப் புவியியல் ஆசிரியர் மேல் பெற்றோர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். புத்தகத்தைத் தொடுவதில்லை, கரும்பலகையில் ஓர் எழுத்து எழுதுவதில்லை, எல்லாவற்றையும் பிள்ளைகளையே சொல்ல வைத்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறார் என்று. இந்த ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு, அவர் இருப்பதா போவதா என்று அவள் எழுதித் தர வேண்டும். மனதுக்குள் பாதி எழுதியாகிவிட்டது.

உள்ளே வந்ததுமே அவளுக்குச் சுருக்கென்றது. மனிதர் வணக்கம் சொன்னார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தோளுக்கு மேலே எதையோ பார்த்துச் சொன்னார். என்ன மண்டைக்கனம்! அப்புறம் உலக வரைபடத்தை எடுத்துத் தலைகீழாக மாட்டினார்.

"சார், தலைகீழா இருக்கு!"

ஆணியில் அவர் கை ஒரு நொடி நின்றது. "இருக்கட்டும். உருண்டைக்கு ஏதுடா தலை, ஏது காலு?"

பாடத்தின் பெயர் 'உலகக் குடிமக்கள்'. தலைப்பைப் படித்ததுமே ஒருவன் எழுந்தான். "உலகக் குடிமகன்னா எல்லா நாட்டுலயும் குடிக்கிறவனா சார்?"

"ஆமாடா. எல்லா நாட்டுத் தண்ணியையும் குடிக்கிறவன்" என்றார் ஆசிரியர், சிரிக்காமல்.

புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் படம். வெடித்த மண்ணில் தலையில் குடத்தோடு ஒரு சிறுமி. கீழே, 'இவளுக்கு உதவுவோம்.'

"என் வகுப்புல சட்டம் ஒண்ணுதான். தெரியறதைச் சொல்லணும், தெரிஞ்சதைச் சொல்லக் கூடாது. ம், பேரைச் சொல்லிட்டு ஆரம்பி."

"சோடாபுட்டி சார். கால்ல செருப்பு இல்ல. தலையில மஞ்சள் பிளாஸ்டிக் குடம்."

"காலிக் குடமா?"

பிள்ளைகள் புத்தகத்துக்குள் மூக்கை நுழைத்தார்கள். "நிறைகுடம் சார்! தோள்பட்டை நனைஞ்சிருக்கு."

"அழறாளா?"

"இல்ல சார், உதட்டைக் கடிச்சிருக்கா. சிரிப்பை அடக்கற மாதிரி."

"மாதிரி வேண்டாம்."

"உதட்டைக் கடிச்சிருக்கா சார்."

"பின்னால என்ன இருக்கு?"

"வாயாடி பேசறேன் சார்..."

"நீ பேரு வேற சொல்லணுமா!"

"போங்க சார். பின்னால ஒரு குழாய் போகுது. அவ இடுப்பு உசரம். இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும்."

"குழாயா!" ஆசிரியரின் புருவம் நெற்றிக்கு ஏறியது. இன்றுதான் கேள்விப்படுகிறவரைப் போல என்னமாய் நடிக்கிறார் என்று அதிகாரி நினைத்துக்கொண்டாள். "தண்ணி பிடிக்க அதுல வழி இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"அப்போ தண்ணி எங்க போகுது?"

"இருங்க சார்... மூலையில கண்ணாடிக் கொட்டகை. உள்ள செவப்பா... ஐயோ, ரோஜா சார்! வரிசை வரிசையா ரோஜா! வாசல்ல லாரி. லாரி மேல ஏரோப்ளேன் படம்."



"சார்," சோடாபுட்டி மெல்ல எழுந்தான். "எங்க அக்கா பிறந்த நாளுக்கு ரோஜா வந்தது. பெட்டியில ஏரோப்ளேன் போட்டிருந்தது. வாடிருச்சுன்னு நான்தான் குப்பையில போட்டேன். அப்போ அந்தப் பொண்ணோட தண்ணியை..."

"நீ குடிச்சிருக்கே" என்றாள் வாயாடி. யாரும் சிரிக்கவில்லை.

"அவசரப்படாதே. அதே ரோஜாதான்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"யாரைக் கேட்டாத் தெரியும்?"

"பூக்கடைக்காரரை."

"கேட்டுட்டு வா. யாருக்கு யார் உதவறாங்கன்னு அப்புறம் பேசலாம்."

அதிகாரி பக்கத்துச் சிறுமியின் புத்தகத்தை இழுத்துப் பார்த்தாள். இருந்தது. அவ்வளவு பெரிய குழாய். அவளும் ஒரு காலத்தில் இதே பக்கத்தை நடத்தியவள்தான். பாவம் என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சிறுமிக்காக வருஷா வருஷம் பென்சில் சேகரித்து அனுப்பியவள். ஒரு வருஷம்கூட இந்தக் குழாய் கண்ணில் பட்டதில்லை.

மணி அடித்தது. வழியில் கிடந்த நாற்காலியை லீடர் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தாள். ஆசிரியர் சுவரை விரலால் வருடியபடி வெளியே போனார்.

மனதுக்குள் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு அதிகாரி பேனாவைத் திறந்தாள். இப்படி ஓர் ஆசிரியரையா அனுப்புவது?

"இங்க வாம்மா. ஒரு படத்தை இப்படி அணு அணுவாச் சொல்ல சார்தானே கத்துக்கொடுத்தார்?"

லீடர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இல்ல மேடம், நாங்களாத்தான் கத்துக்கிட்டோம். சாருக்குக் கண்ணு தெரியாது. அது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும்கிறது சாருக்குத் தெரியாது."

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"ரிப்போர்ட்டுல தெரிஞ்சதை எழுதிடாதீங்க மேடம். தெரியறதை மட்டும் எழுதுங்க."