ஒரு வரிச் சீட்டு

"இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்கய்யா" என்று சமையல்காரம்மா சீட்டை நீட்டினார். அவர் கூட்டி வந்த சிறுமி, தன் துணிப்பையைக் கட்டிக்கொண்டு வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'சாரி, நாட் அவர் கப் ஆஃப் டீ.' அட, இதுவா! பிடிக்கலைன்னு நேரா சொன்னா மனசு நோகுமில்லையா? அதனால ஒத்துவரலைன்னு நாசூக்காச் சொல்றது. என் வீட்டுக்காரிக்கு என் பாட்டு மாதிரி!"

சமையல்காரம்மா சிரிக்கவில்லை. "மனுஷங்களையும் இப்படிச் சொல்வாங்களா?"

"சொன்னா பாவம்மா. ஏன், எங்கேயாவது வேலை கேட்டுப் போனீங்களா?"

"இது எனக்கு வந்த சீட்டு இல்லைய்யா." அவர் குரல் தாழ்ந்தது. "எங்க பிள்ளைகள் இல்லத்துலேருந்து இவளைத் தத்தெடுக்கறோம்னு கூட்டிட்டுப் போனவங்க, இன்னிக்கு வாசல்ல இறக்கிவிட்டு, இவ கையிலயே இதைக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க."

கடைக்காரர் சீட்டை மறுபடி படித்தார். அதற்குள் சிறுமி உள்ளே வந்துவிட்டாள்.

"மாமா, அம்மா எப்ப வருவாங்கன்னு எழுதியிருக்கா?"

அவர் சீட்டை மெல்ல மடித்தார். "எனக்கு அவ்வளவா இங்கிலீஷ் தெரியாது, கண்ணு."

"பரவாயில்லை மாமா" என்று சிறுமி அவருக்கு ஆறுதல் சொன்னாள். "அம்மா வந்ததும் அவங்களையே படிச்சுக் காட்டச் சொல்றேன்."