அறுக்கிறாயா, விடுகிறாயா?

அல்மாட்டி நகரில் வீடியோ கேம் செய்யும் சின்ன அலுவலகம் அது. புது ஆட்டத்தை வெளியாட்களை ஆடவைத்துப் பார்ப்பது ஜனாரின் வேலை. ஒரு வீட்டையும் அதன் ஒரே குதிரையையும் வைத்துக்கொண்டு பனிக்காலத்தைத் தாண்ட வேண்டும், அதுதான் ஆட்டம். இன்று வந்திருந்த துலெகென் ஆறாவது முறையாகப் பனிக்காலத்தில் தோற்றுப்போனார்.

“அண்ணே, அந்தக் குதிரைய அறுத்துடுங்க. வசந்தம் வரைக்கும் வீட்டுக்குக் கறி இருக்கும், ஆட்டமும் சுலபமாயிடும். விட்டீங்கன்னா குளிரும் பசியும் ஏறிக்கிட்டேதான் போகும்.”

“புரியுது தங்கச்சி. விட்டுட்டே ஆடுறேன்.”

“வெறும் பொம்மைக் குதிரைண்ணே!”

“இருக்கட்டும்.”

‘அறுக்கிறாயா, விடுகிறாயா?’ என்று திரை மறுபடி கேட்டது. ‘விடு’ என்பதை அழுத்தினார். ஏழாவது முறையும் பனி மூடியது.

இவ்வளவு இளகின மனசு ஆகாது என்று அலுத்துக்கொண்டே ஜனார் படிவத்தை எடுத்தாள்.

“என்ன தொழில்ணே? குதிரை வளர்க்கிறீங்களா?”

“இல்லம்மா. பஜார்ல குதிரைக்கறிக் கடை. முப்பது வருஷமா அறுக்கிறது நான்தான்.”

ஜனாரின் பேனா நின்றது.

“அப்புறம் இங்க மட்டும் ஏண்ணே?”

“அங்க ‘அறுக்கிறியா, விடுறியா’ன்னு யாரும் என்னைக் கேட்டதே இல்லையே” என்றபடி, துலெகென் எட்டாவது ஆட்டத்தைத் தொடங்கினார்.