கினியா 1966–68

இரண்டு வருஷ யுத்தம் என் கடையில் பதினான்கு யூரோ. அது அங்கோலா விலை. மொசாம்பிக் என்றால் பதினாறு. கினியா நாற்பது.

எங்கள் காலனிகளைக் காக்கக் கப்பலேறிய பையன்களில் கினியாவுக்குப் போனவர்கள் குறைவு. அங்கே வாங்கிய பதக்கத்தை விற்க மனம் வருகிறவர்கள் இன்னும் குறைவு.

பதக்கம் என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரே வட்டம், ஒரே பச்சை சிவப்பு நாடா. போனவன் பெயரை அதில் பொறிப்பதில்லை. எந்த நாடு, எந்த வருஷம் என்று சொல்வது நாடாவில் கோத்திருக்கும் சின்ன உலோகப் பட்டைதான். 1917இல் பிரான்சுக்குப் போனவர்களின் பதக்கத்திலும் இதே கதைதான். ஆகவே வட்டத்துக்கு விலை கிடையாது. விலையெல்லாம் பட்டைக்கு.

லிஸ்பனில் சனிக்கிழமைச் சந்தை. நான் வெல்வெட் துணியில் பரப்பி வைத்திருந்ததை அந்த அம்மாள் குனிந்து ஒவ்வொரு பட்டையாகப் படித்தார். எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். உதட்டில் புதிதாகப் பூசிய சாயம்.

கினியா, 1966–67 வேண்டும் என்றார்.

66–68தான் இருக்கிறது என்றேன். போனவன் எவனையும் ஒரே வருஷத்தில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பவில்லை, அம்மாவுக்குத்தான் ஞாபகம் தடுமாறுகிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். வாங்க வந்தவரின் ஞாபகத்தைக் கொஞ்சம் ஆட்டிவிட்டால் கையிலிருக்கும் சரக்கு போய்விடும்.

“ஞாபகமெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. அவனுக்கு 67லயே முடிஞ்சுபோச்சு.”

66–68 பட்டையை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.

பக்கத்தில் பழைய தட்டு விற்கும் சுல்மீரா இதற்காகவே காத்திருந்த மாதிரி எட்டிப் பார்த்தாள். “விதவைங்கன்னா இந்தக் காசிமீரோவுக்கு விலை தானா எறங்கிடும். விடாதீங்கம்மா, அடிச்சுப் பேசுங்க.”

அவள் சொன்னது நிஜம். இதே இடத்தில் கடை போட்டிருந்த என் அம்மா வைத்த வழக்கம் அது. இருபத்தைந்து கொடுங்கள் என்றேன்.

அந்த அம்மாள் நாற்பதை எண்ணித் துணிமேல் வைத்தார்.

“நான் விதவை இல்ல. அவனை நான் பாத்ததுகூட இல்ல.”

இத்தனை வருஷத்தில் என் விலையை ஏற்றிப் பேசிய ஆள் அவர் ஒருவர்தான்.

போர்க்கால ஞானத்தாய் என்றார், முன்பின் தெரியாத சிப்பாய்க்குக் கடிதம் எழுதித் தைரியம் சொல்கிறவள். அதற்குமேல் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் அக்காவுக்கும் அப்படி ஒருவன் இருந்தான். எங்கள் தெருவில் பதினெட்டு வயதான எல்லாப் பெண்களுக்கும், வாரப் பத்திரிகையில் முகவரி பார்த்துப் பொறுக்கிய ஒரு சிப்பாய் இருந்தான். இவர்கள் நீலத் தாளில் எழுதுவார்கள்: பார்த்த சினிமா, அந்தோணியார் திருவிழாவில் சுட்ட மத்தி மீன், யாருக்கு யாரோடு நிச்சயம் என்று. அங்கிருந்து தபால்தலை இல்லாத மஞ்சள் தாள் வரும்: மழை, கொசு, மாம்பழம். அக்காவும் அவள் தோழிகளும் மாடிப்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார்கள். கடைசி இரண்டு வரியை மட்டும் கட்டைவிரல் மறைத்துக்கொள்ளும்.

இவருடைய சிப்பாயின் பெயர் அர்மிந்தோ. அலென்தேஜோ பக்கம், தக்கை மரம் உரிக்கிற குடும்பம். அவன் இருந்த பட்டாளக் கம்பெனியில் மிச்சமுள்ள ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடிச் சாப்பிடுவார்கள். அவனுக்கும் ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர் ஒயின் உண்டு. கொஞ்ச வருஷமாக, ஞானத்தாய் என்று இவரையும் கூப்பிட்டு அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். நாளைக்கு எவோராவில் சாப்பாடு.

கிழவர்கள் எல்லாரும் கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு வருகிறார்கள். அவன் தட்டுப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. பதக்கத்துக்குத் திரும்பி வந்து மனுப்போட வேண்டும். அவன் திரும்பி வரவில்லை. அவனுடைய அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நாளைக்காவது அந்த இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்றுதான் முதல் ரயில் பிடித்துச் சந்தைக்கு வந்திருக்கிறார்.

என்னிடம் ஒரு சின்ன அரம் இருக்கிறது, எட்டை ஏழாக்கித் தருகிறேன் என்றேன். தொழிலில் இதெல்லாம் உண்டு. இதற்குக் கூலி கூடக் கேட்டிருக்க மாட்டேன்.

அவர் பட்டையை விரலால் ஒருமுறை தடவினார்.

வேண்டாம், எட்டு அப்படியே இருக்கட்டும் என்றார்.

அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களே அந்த மேஜையில் இருப்பார்கள், வருஷம் அவர்களுக்குத் தெரியும், கேட்பார்கள் என்று எச்சரித்தேன். கேட்கட்டும் என்றார். கைக்குட்டையில் பதக்கத்தை வைத்து நான்காக மடித்தார்.

காசு கைக்கு வந்தபிறகு வியாபாரி காரணம் கேட்கக் கூடாது. கேட்டேன்.

“செத்துட்டான்னு சேதி வந்து ஒரு வாரம் கழிச்சு அவன் மஞ்சள் தாள் ஒண்ணு வந்துச்சு. ‘68ல பதக்கத்தோட உன் வாசல்ல வந்து நிப்பேன், கதவைத் தொறப்பியா’ன்னு கேட்டிருந்தான்.”

சுல்மீரா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“அவன் எழுதினது எத்தனை, நான் எழுதினது எத்தனைன்னு கணக்குப் பாத்தா, என் பக்கம் ஒரு பதில் பாக்கி தம்பி.”