அப்பா போட்ட தாளம்

"கையை எடுடா. பல்செட்டை வேணா நீ எடுத்துக்கோ. இது எனக்கு."

அக்கா இசைத்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். தம்பி அட்டையின் மறு மூலையை விடவில்லை.

அப்பா செத்து மூன்று மாதம். வீட்டைக் காலி செய்து அம்மாவை அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அப்பா தனக்கென்று விட்டுப்போனது ஒரு குடை, ஒரு பல்செட், இந்த இசைத்தட்டு. குடையில் கம்பி மட்டும்தான் மிச்சம். பல்செட்டுக்கு யாரும் சண்டை போடவில்லை.

இசைத்தட்டு பரணில், டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய ஸ்வெட்டருக்குள் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மஞ்சள் அட்டை. அதில் கோட்டு போட்ட ஒரு தொப்பை ஆசாமி கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தார்.

"நாலு முடிச்சுக்கா," என்றான் தம்பி. அவன் லிஃப்ட் மெக்கானிக். கயிறு, முடிச்சு எதைப் பார்த்தாலும் ஒரு கருத்து சொல்வான். "என்னை ஆஸ்பத்திரியிலேர்ந்து தூக்கிட்டு வந்தப்பகூட இவ்வளவு பத்திரமா சுத்தியிருக்க மாட்டாரு."

"உன்னைத் திருப்பிக் கொடுத்துடலாமான்னு யோசனையில இருந்திருப்பாரு."

"மெதுவாப் பேசுங்க," என்றாள் அம்மா, கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்தபடி.

"யாரும்மா கேக்கப்போறா?"

"மெதுவான்னா மெதுவா."

அக்கா அட்டையைத் திருப்பினாள். "மூலையில பிளேடால சுரண்டியிருக்கு பாரு. விலையை அழிச்சிருக்காரு. அம்மாவுக்குத் தெரியாம வாங்கியிருக்காரு கள்ளன்."

அம்மா மடித்த உறையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"சரி, யாருக்கு ஞாபகம் ஜாஸ்தியோ அவங்களுக்கு," என்றான் தம்பி.

"அப்ப எனக்குத்தான். எனக்கு அப்ப ஏழு வயசு. கண்ணாடி ஆலையில ராத்திரி பூரா உலை முன்னாடி வெந்துட்டு வருவாரு. வேற ஆளா இருந்தா படுத்துத் தூங்குவான். அப்பா தூங்காம இதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருப்பாரு. கண்ணை மூடி, ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டு. என்ன ஒரு ரசனை."

"எனக்கு நாலு. இது ஓடறப்ப என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாரு. நிக்கவே மாட்டாரு. அப்பா என்னைத் தூக்கினதே அப்ப மட்டும்தான்."

"மூணாவது பாட்டு?"

"மறக்குமா? எழுந்து போய்ச் சுவத்துல தாளம் போடுவாரு."

"உள்ளங்கையால. காரை உதிர்ற வரைக்கும்."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். தோள் உயரத்தில் அந்தப் பள்ளம் இன்னும் இருந்தது. தம்பி அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பொருந்தியது.

"நம்மகிட்ட அவர் பத்து வார்த்தை சேர்ந்தாப்ல பேசினதில்லக்கா," என்றான். "அந்த மனுஷனுக்கும் பிடிச்சது ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லிக்க எனக்கு இது மட்டும்தான் இருக்கு."

அக்காவின் பிடி தளர்ந்தது. அவள் நர்ஸ். பிடியைத் தளர்த்துவது அவள் வழக்கமில்லை.

"ஒரு தடவை சேர்ந்து கேப்போம். மூணாவது பாட்டுக்கு யார் முதல்ல அழறாங்களோ, அவங்க எடுத்துக்கட்டும்."

"உனக்குத்தான் அழுகையே வராதே."

"அதான் உனக்கு வசதி. நம்ம பிளேயர் எங்கம்மா? வித்துட்டீங்களா?"

அம்மா அடுத்த உறையை எடுத்து உதறினாள்.

"பக்கத்து வீட்டு டிரைவர் மாமாகிட்ட இன்னும் ஒண்ணு இருக்கு," என்றான் தம்பி. "நல்ல மனுஷன். அப்பா செத்தன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் நஷ்டத்துல கூட நின்ன ஒரே ஆளு உங்கப்பாதான்'னு தேம்பித் தேம்பி அழுதாரு. கேட்டா உடனே போட்டு விடுவாரு."

இசைத்தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

ஒரு வருடமாக யாராவது கைகொடுக்காமல் கட்டிலைவிட்டு எழாத அம்மா, அவனுக்கு முன்னால் வாசலில் இருந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"எங்க வேணா கொண்டு போ. அந்த வீட்டுக்கு மட்டும் கொண்டு போகாத."

"ஏம்மா?"

அம்மா சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"நம்ம வீட்டுல எப்படா பிளேயர் இருந்துச்சு? தினம் காலையில எட்டு மணிக்கு அவர் அங்க போடுவாரு, இங்க உங்கப்பாவுக்குத் தூக்கம் போகும். தாளமாம் தாளம். நிறுத்தித் தொலைய்யான்னு சுவத்தைத் தட்டினாருடா. ஒரு வருஷம் தட்டிப் பார்த்தாரு. அப்புறம் ஒருநாள் அந்த வீட்டுக் கதவு திறந்து கிடந்துச்சு. மூலையில சுரண்டினது விலை இல்ல, அந்த டிரைவர் பேரு."

அக்கா மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். தம்பி இசைத்தட்டைப் பார்த்தான். தொப்பை ஆசாமி ஊதிக்கொண்டே இருந்தார்.

"தட்டைக் காணோம்னு அந்த மனுஷன் தலையில கை வச்சு உட்கார்ந்தப்ப, ராத்திரி டூட்டிக்கு லீவு போட்டுட்டு டார்ச்சோட போய், அவர் கட்டிலுக்கடியில படுத்துத் தேடினதும் உங்கப்பாதான்."