சிக்னல் பாறை

நர்ஸம்மா பாறை மேல் ஏறியதும் நாங்கள் மூன்று பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டோம்.

சுற்றிலும் மலை. எங்கள் பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னல் கிடைப்பது இந்த ஒரு பாறையின் உச்சியில் மட்டும்தான். அங்கே கொட்டாவி விட்டால்கூடக் கீழே வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்.

அதனால் ஒரு வழக்கம். மேலே ஒருவர் பேசும்போது மற்றவர்கள் ஓடையைப் பார்த்து நிற்க வேண்டும். முதுகைத் திருப்பிவிட்டால் காதில் எதுவும் விழவில்லை என்று அர்த்தம்.

விழும். எல்லாம் விழும். காட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். மாவு மில்காரர் மகளுக்கு இரட்டைக் குழந்தை என்பது பாறையடியில் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. மறுநாள் அவராகச் சொன்னபோது ஊரே வாயைப் பிளந்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே பிளந்தேன்.

இன்று வரிசையில் முதல் ஆள் நர்ஸம்மா. அடுத்து தபால்காரனாகிய நான். எனக்குப் பின்னால் மில்காரர், அவருக்குப் பின்னால் ஜீப் டிரைவர்.

டிரைவர் பாவம். மூன்று வருடமாக வாரம் தவறாமல் நர்ஸம்மாவிடம் பிரஷர் பார்க்கப் போகிறான். ஆள் கிடா மாதிரி இருப்பான். ஒரு நோயும் கிடையாது. ஆனால் அவர் கையைப் பிடித்ததும் பிரஷர் எகிறிவிடும். அவரும் உப்பைக் குறைக்கச் சொல்லுவார். மூன்று வருடமாக உப்பில்லாமல் தின்கிறானே தவிர, சொல்ல வேண்டியதைச் சொன்னபாடில்லை.

போன வாரம் நர்ஸம்மாவுக்கு மாறுதல் உத்தரவு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்த பாவி நான்தான். இங்கேயே இருக்க விருப்பமென்றால் ஒரு வாரத்துக்குள் எழுதி அனுப்பலாம் என்றும் அதில் இருந்தது. உறை சரியாக ஒட்டாமல் வந்தால் நான் என்ன செய்வது? அந்த ஒரு வாரம் இன்றோடு முடிகிறது.

மேலிருந்து நர்ஸம்மாவின் குரல் கேட்டது. "இல்லக்கா, நாளைக்குக் காலையில முதல் ஜீப்புலயே கிளம்பிடறேன். இருன்னு சொல்ல இங்க எனக்கு யாரு இருக்கா? வாரா வாரம் பிரஷர் பாக்க வர்ற மனுஷன்கூட வாயத் திறக்க மாட்டேங்கறாரு."

மில்காரர் டிரைவரை முழங்கையால் இடித்தார். இடித்த கையோடு ஓடையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

டிரைவர் வாயைத் திறந்தால் கேட்டதாக ஆகிவிடும். ஒட்டுக்கேட்டவன் என்று பேர் வாங்கினால் இந்த ஊரில் அவன் ஜீப்பில் ஆடுகூட ஏறாது. திறக்காவிட்டால், நாளைக்கு அவனே வண்டி ஓட்டி அவரை மலை தாண்டி விட்டுவிட்டு வர வேண்டும்.

சொல்லித் தொலையேன்டா என்று மனதுக்குள் கத்தினேன்.

அவன் திரும்பினான். அந்தப் பாறையடியில் அதுவரை யாரும் திரும்பியதில்லை.

"எனக்குப் பிரஷரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. போகாதீங்க!"

பிறகு நர்ஸம்மா நிதானமாக இறங்கி வந்தார். போகிற போக்கில் என் கையில் ஒரு உறையைத் திணித்தார். மாறுதல் உத்தரவு அனுப்பிய அதே பெரிய ஆபீஸ் விலாசம். நன்றாக ஒட்டியிருந்தது.

இருவரும் ஜீப்பை நோக்கி நடந்தார்கள், நடுவில் ஒரு ஆள் இடைவெளி விட்டு.

என் முறை. ஏறினேன். போனில் ஒரு கோடுகூட இல்லை.

கீழே நின்றால் தெரியாது; உச்சியில் நின்றால்தான் எதிர்மலை டவர் தெரியும். ராத்திரி அடித்த காற்றில் அது சாய்ந்து மரங்கள் மேல் படுத்துக் கிடந்தது.

ஜீப் இன்னும் கிளம்பவில்லை. போனைக் காதில் வைத்து, மச்சானை உரக்க நலம் விசாரித்தேன். மாமியாரின் மூட்டுவலி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

அடுத்து மில்காரர் ஏறினார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் ஹலோ சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு, மில்லுக்குக் கேட்ட பெல்ட் இன்னும் வரவில்லை என்று யாரையோ பத்து நிமிடம் வெளுத்து வாங்கினார்.